போன நாள் எது? மலையகத்தில் வலசைப் பறவைகளைக் கவனிக்கத் தொடங்குவோருக்கு

சித்திரை நெருங்கினால் குயில் கூவத் தொடங்கும். புதுவருடத்துக்குக் குயில் வந்துவிட்டது என்று சொல்வது நம்மிடையே வழக்கம். உண்மையில் குயில் எங்கிருந்தும் வரவில்லை. வருடம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. காகத்தின் கூட்டில் முட்டையிடும் காலம் நெருங்குவதால் ஆண் குயில் வாய் திறக்கிறது, அவ்வளவுதான். அதே நாட்களில் வேறு சில பறவைகள் தண்ணீர் விழும் பீலிக்கரையை விட்டும் வேலியோரத்தை விட்டும் யாரிடமும் சொல்லாமல் புறப்படுகின்றன. வலசை என்பது அந்தப் பயணம்.

பறவை பார்ப்பது பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்களில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். அதை நம்பி மார்ச் மாதத்தில் புதிய பறவைகளுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடியில் இருக்கிறது இலங்கை. இதற்குத் தெற்கே பறவை இறங்கக்கூடிய பெரிய நிலம் எதுவும் இல்லை, கடல்தான். ஆகவே இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை கடந்துபோக வருபவை அல்ல, தங்க வருபவை. ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர், நவம்பர் வரை வந்து சேரும். மார்ச், ஏப்ரலில் கிளம்பும். நமக்கு வசந்தம் என்பது வழியனுப்பும் காலம்.

எப்போது கிளம்புவது என்று இவற்றுக்கு எப்படித் தெரிகிறது? டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் ஜூனின் மிக நீண்ட பகலுக்கும் நம் நாட்டில் வித்தியாசம் சுமார் 50 நிமிடந்தான். அந்தச் சிறு மாற்றமும், உடலுக்குள்ளேயே ஓடும் வருடக் கடிகாரமும் சேர்ந்து பறவையை உசுப்புகின்றன. முதலில் பசி கூடும். தோலுக்கடியில் கொழுப்பு சேரும். சில இனங்களில் இறகும் நிறம் மாறும். பிறகு வானம் தெளிந்த ஓர் இரவில் எழும்பிப் போய்விடும். சிறு பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன; தகைவிலான் போன்றவை பகலில், வழியில் பூச்சி பிடித்துத் தின்றுகொண்டே போகும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர்தான் என்பதால் கடலைத் தாண்டுவது பெரிய சிரமமில்லை. அதற்குப் பிறகு இருக்கும் தூரந்தான் தூரம். நுவரெலியாவிலிருந்து காஷ்மீருக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர்.

வருவதைக் குறிப்பது சுலபம், போவதைக் குறிப்பதுதான் கடினம். செப்டெம்பரில் ஒரு குருவி முதன்முதலாகக் கத்தும்போது "இதோ வந்துவிட்டது" என்று திகதி எழுதிவிடலாம். ஏப்ரலில் கடைசியாகக் கத்தும்போது அதுதான் கடைசி என்று அந்தக் குருவிக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்து, "என்ன, கொஞ்ச நாளாகச் சத்தத்தைக் காணோமே" என்று தோன்றும்போது எந்த நாளில் போனது என்பது கைநழுவிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்ப்பவருடைய கணக்கில் அதனால் ஏழு நாள் வரை பிழை இருக்கும்.

இதற்கு ஒரே வழி, பறவை இல்லாத நாளையும் எழுதுவது. ஒரு சாதாரணக் கொப்பி போதும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 10 நிமிடம். பக்கம் இப்படி இருக்கலாம்:

மார்ச் 27: காலை 6.15 முதல் 6.25. வானம் தெளிவு. கீச்சான் 1, மின்கம்பியில்.
மார்ச் 28: மூடுபனி, 20 மீற்றருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கீச்சான் சத்தம் மட்டும்.
மார்ச் 29: மழை. பார்க்கவில்லை.
மார்ச் 30: தெளிவு. கீச்சான் 1.
மார்ச் 31: தெளிவு. இல்லை.
ஏப்ரல் 1: தெளிவு. இல்லை.

இதில் மார்ச் 28, 29, 31 மூன்றும் மூன்று விதமான விடயம். "கேட்டேன், காணவில்லை", "பார்க்கவே இல்லை", "பார்த்தேன், இல்லை". புதிதாகத் தொடங்குவோர் மூன்றையும் வெறும் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு அந்தப் பக்கத்தால் பயனே இராது. மழையில்லாத மூன்று காலைகள் தொடர்ந்து "இல்லை" என்று வந்தால் போய்விட்டது என்று ஏறத்தாழ முடிவு கட்டலாம். ஆனாலும் இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டே பக்கத்தை மூடுங்கள். தெற்கே இருந்த இன்னொரு பறவை வடக்கே போகிற வழியில் அதே கம்பியில் ஓரிரு நாள் உட்காரக்கூடும்.

இந்த முறை பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வலசை வரும் பறவைகளில் சில, இங்கே தங்கும் மாதங்களிலும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கீச்சானின் வேலியில் இன்னொரு கீச்சானுக்கு இடமில்லை. ஆகவே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நவம்பரிலிருந்து தினமும் காண்கிற அந்த ஒன்று பெரும்பாலும் அதே ஒன்றுதான். கூட்டமாகத் திரிகிற பறவைகளில் பத்துப் பேர் போனாலும் தெரியாது. இப்படித் தனித்திருப்பது போனால் அன்றைக்கே தெரியும். தொடங்குவோர் மூன்றே மூன்றை எடுத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, சாம்பல் வாலாட்டி. ஓடை, பீலி, கானு, ஈரமான பாறை எங்கே இருக்கிறதோ அங்கே இது இருக்கும். முதுகு சாம்பல், அடிவயிறும் வாலடியும் மஞ்சள், நீண்ட வால் மேலும் கீழும் ஓயாமல் ஆடும். பறக்கும்போது "சிட்-சிட்" என்று ஊசி குத்தியது போல ஒரு சத்தம். தண்ணீர் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கேட்கும். மலையகத்துக்கு ஓகஸ்ட் கடைசியிலேயே வந்துவிடும், முதலில் வருவோரில் ஒருவர். மார்ச்சில் இதன் தொண்டையைக் கவனியுங்கள். மாரிகாலம் முழுவதும் வெண்மையாக இருந்த ஆணின் தொண்டையில் கறுப்பு இறகுகள் புள்ளி புள்ளியாக முளைத்து, நாளடைவில் முழுக் கறுப்பாகும். குஞ்சு பொரிக்கப் போகும் ஊருக்கான உடை அது. இங்கேயே உடுத்திக்கொண்டுதான் கிளம்புகிறது. கறுப்பு நிறைந்துவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், சில முழுதாக மாறுமுன்பே போய்விடும் என்றாலும். பெண்ணில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியாது.

இரண்டாவது, பழுப்புக் கீச்சான். சைபீரியா, மொங்கோலியா, வடசீனப் பக்கத்திலிருந்து வருவது. கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிய கள்ளன் மாதிரி இருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மொட்டைக் கொம்பு, கம்பிவேலிக் கட்டை, மின்கம்பி: இந்த மூன்றில் ஒன்றில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் வெட்டுக்கிளி அசைந்தால் விழுந்து பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். காலையிலும் அந்தியிலும் "சர்ர்ர்-சக்-சக்-சக்" என்று கரகரத்த ஏச்சு. இனிமை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஒருதரம் கேட்டால் மறக்காது.

மூன்றாவது ஆறுமணிக்குருவி. சிங்களத்தில் அவிச்சியா. தமிழில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. பெயரிலேயே நேரம் இருக்கிற பறவைக்கு அறிமுகம் தேவையில்லை. காலையில் வெளிச்சம் வருமுன்னும் மாலையில் வெளிச்சம் போகும்போதும் இரண்டு துண்டாக ஒரு சீழ்க்கை, "வீட்-டியூ". ஒன்று தொடங்கினால் பள்ளத்தில் இருப்பது பதில் சொல்லும், அதற்கப்பால் இருப்பது அதற்குப் பதில் சொல்லும். எத்தனை இருக்கின்றன என்று எண்ண அந்த ஐந்து நிமிடத்தைவிட நல்ல நேரம் கிடையாது. மார்ச், ஏப்ரலில் சூரியன் மறைவது சுமார் 6.20க்கு. 6.10க்கு இஸ்தோப்பில் உட்கார்ந்தால் 6.35க்குள் வேலை முடிந்துவிடும். கத்தும்போது தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை நீட்டும். பகலில் காண வேண்டுமானால் மேலே பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். புதருக்கடியில் சருகைப் புரட்டிக்கொண்டு நடக்கும். கட்டை வாலை மெதுவாக ஏற்றி இறக்கும். பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, சிறகில் நீலம். இத்தனை நிறம் இருந்தும் நிழலில் நின்றால் ஒரு சருகு போலத்தான் இருக்கும். இமயத்தின் அடிவாரத்திலும் இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் இது ஏப்ரலில் கிளம்பும். நுவரெலியாவின் குளிரிலும் உண்டு, கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும் உண்டு.

இந்த மூன்றும் பழகிய பிறகு மற்றவை தாமாக வரும். சமையலறைக்குப் பின்னாலும் மாட்டுக்கொட்டில் ஓரத்திலும் வருகிற கொடிக்கால் வாலாட்டி வாலை மேலும் கீழும் ஆட்டாது, பக்கவாட்டில் ஆட்டும். நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. மர உச்சியில் "சிஸ்-யூ-விட்" என்று நாள் முழுக்க ஒரே சத்தம் கேட்டு, ஆளைக் காணவில்லை என்றால் அது இலைக் கதிர்க்குருவி. கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டாம். இலையோடு இலையாக இருக்கும் அதைக் காதால் எண்ணுவதே அறிவு. நீண்ட வாலுடைய வெள்ளை ஆண் அரசவால் ஈப்பிடிப்பானைக் கண்டால் அது கட்டாயம் வலசை வந்தது, ஏனென்றால் இங்கேயே வாழும் இனப்பிரிவின் ஆண் எந்த வயதிலும் வெண்மையாகாது. செம்பழுப்பு ஆண் என்றால் எதுவாகவும் இருக்கலாம்.

நுவரெலியாக்காரர்களுக்குத் தனி அதிர்ஷ்டம். உலகில் எத்தனையோ பேர் பார்க்க ஏங்குகிற காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் விக்டோரியா பூங்காவிலேயே இருக்கின்றன. பூங்குருவி இமயத்திலிருந்து வருவது. அந்தி சாயும் நேரத்தில் ஓடைக்கரை மரங்களில் ஒதுங்கும். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் நிற்பவருக்குத்தான் தெரியும், நடந்துகொண்டே தேடுபவருக்குத் தெரியாது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் உள்ளங்கையில் அடங்கும் அளவு, 13 சென்ரிமீற்றர். ஆணின் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், இரு ஓரமும் கறுப்புக் கரை. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலைச் சடக்கென்று தூக்கும்போது வாலின் அடிப்பக்க வெள்ளை பளிச்சிடும். இது மார்ச் கடைசியிலேயே கிளம்பிவிடுவதால் ஏப்ரல் சீசனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். சீசனில் ஒலிபெருக்கியும் கூட்டமும் இருக்கும், பறவைதான் இருக்காது. மார்ச் முதல் இரண்டு வாரம், வாரநாளில், கதவு திறந்தவுடன். நுழைவுச்சீட்டு உண்டு, திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆள் மாறாட்டம்

மலையகத்தில் அதிகம் பிழை நடப்பது தகைவிலானில். லயத்துக் கூரைக்கு மேலே மாலையில் சுற்றும் சிறு பறவைகளைப் பார்த்து "வலசைத் தகைவிலான் மே மாதத்திலும் போகவில்லை" என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது மலைத் தகைவிலான். அது இந்த ஊர்க்காரன். வீட்டுக் கூரையின் இறப்புக்கு அடியிலும் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரிலும் மண் உருண்டைகளால் கிண்ணம் போலக் கூடு கட்டுவது அதுதான். வலசை வருவது இங்கே கூடு கட்டாது.

இரண்டும் ஒரே கம்பியில் உட்காரும் என்பதால் வித்தியாசம் பார்க்க வசதி. இரண்டுக்கும் தொண்டை செம்பழுப்பு, முதுகு நீலக்கறுப்பு. தொண்டைக்குக் கீழே பாருங்கள். வலசை வந்ததற்கு அங்கே குறுக்காக ஒரு கறும்பட்டை, அதற்குக் கீழே வயிறு வெள்ளை. மலைத் தகைவிலானுக்குப் பட்டை கிடையாது. செம்பழுப்பு முடிந்த இடத்திலிருந்து அழுக்குச் சாம்பல். வாலை நம்பாதீர்கள். வலசை வந்ததன் வாலில் நீண்ட இரண்டு கம்பிகள் இருக்கும் என்று படங்களில் காட்டுவார்கள். ஆனால் அது இறகு மாற்றுவதே இங்கே தங்கும் மாதங்களில்தான். ஜனவரியில் பார்த்தால் பாதி வால்தான் இருக்கும். மார்ச், ஏப்ரலில்தான் கம்பி முழுதாக வளர்ந்திருக்கும். இளம் பறவைக்குப் பட்டை கறுப்பாக இல்லாமல் மங்கிய பழுப்பாக இருக்கலாம். இருந்தாலும் பட்டை பட்டைதான். வயிறு முழுக்கச் செம்பழுப்பு என்றால் இரண்டுமில்லை, அது நம் நாட்டுக்கே உரிய இலங்கைத் தகைவிலான்.

காதைப் பழக்குவது

மலைநாட்டில் கண்ணைவிடக் காதே நம்பகமானது. மூடுபனி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. ஆனால் காலை 6 மணிக்கு வெளியே நின்றால் கொண்டைக்குருவி, குண்டுகரிச்சான், வெள்ளைக்கண்ணி எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும்போது தலை சுற்றும். ஊர்ப் பறவைகளின் சத்தத்தை முதலில் ஒதுக்கத் தெரிந்தால்தான் வெளியூர்ச் சத்தம் தனியாகத் தெரியும். ஆகவே முதல் வாரம் முழுக்க உங்கள் வேலியின் நிரந்தரக்காரர்களுக்கே கொடுங்கள். அது வீண் அல்ல.

ஓடைக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இரு உள்ளங்கைகளையும் கிண்ணம்போலக் குவித்துக் காதுக்குப் பின்னால் வையுங்கள். மெல்லிய சத்தம் உடனே கிட்ட வரும். திசை தெரியாவிட்டால் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பி, இரு காதிலும் சமமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். மூக்கு காட்டும் பக்கம் பறவை. கேட்டதைத் தமிழ் எழுத்தில் அப்போதே எழுதுங்கள். உங்களுக்கு "சிட்" என்று கேட்டது இன்னொருவருக்கு "ட்சீ" என்று கேட்கலாம், பரவாயில்லை. உங்கள் கொப்பிக்கு உங்கள் காதுதான் சாட்சி. கைத்தொலைபேசியில் பதிவு செய்தால் 30 விநாடி அசையாமல் பிடியுங்கள், கடைசியில் திகதியையும் இடத்தையும் வாயால் சொல்லி முடியுங்கள். பெயர் தெரியாத இருபது பதிவு சேர்ந்த பிறகு எது எங்கே எடுத்தது என்று நினைவிராது.

மெர்லின் என்ற இலவசச் செயலி சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். துணைக்கு நல்லது, தீர்ப்புக்கு உதவாது. அது சொன்ன பெயரைக் கண்ணாலோ இன்னொரு தடவை காதாலோ உறுதி செய்தபின் எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் பதிவிடுவோர் கண்ட, கேட்ட எல்லா இனத்தையும் எழுதி "முழுப் பட்டியல்" என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால்தான் பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று கணக்காகும். கொப்பியில் "இல்லை" எழுதுகிற அதே விடயம்தான். பறவையின் சத்தத்தை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பது மட்டும் வேண்டாம். இல்லாத எதிரியைத் துரத்துவதில் அது வீணாக்குவது, பயணத்துக்கென்று சேர்த்த கொழுப்பை.

கருவி

தூரநோக்கி இல்லாமலும் தொடங்கலாம். மேலே சொன்ன மூன்றுக்கும் வெறுங்கண்ணே போதும். வாங்குவதானால் 8×42 அல்லது 8×32. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 10 மடங்கு பெரிதாக்குவது கை நடுக்கத்தையும் 10 மடங்காக்கும். மூடுபனி ஊருக்கு 42 வெளிச்சம் கூடுதலாகத் தரும், கனமும் கூடுதல். வாங்கியதும் முதல் வேலை, இரு கண்ணுக்கும் பொருத்துவது. வலது கண்ணை மூடிக்கொண்டு, 20 மீற்றர் தூரத்திலுள்ள ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணாடியிலுள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பத்து நிமிடத்தில் தலைவலி என்று கீழே வைப்பார்கள். பறவையைத் தேடும்போது கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும்.

ஈரக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிப்பது மலையகத்தின் நிரந்தரத் தொல்லை. தோல் உறையில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள். வெளியிலிருந்து வந்த உடனே ஈரத்தோடு மூடிவிடக் கூடாது, துடைத்து ஆறவிட்டு மூட வேண்டும்.

சில எச்சரிக்கைகள். மரத்தடியில் நிற்குமுன் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தேயிலை மலையில் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். மருந்து அடித்த மலைக்குள் போகாதீர்கள். தோட்டத்துக்குள் புதிய இடத்துக்குப் போவதானால் முதலில் அனுமதி கேளுங்கள். இருட்டியபின் தனியாகத் தேயிலைக்குள் இறங்க வேண்டாம், சிறுத்தை நடமாடும் ஊர்கள் நிறைய. பிற்பகல் இடிமழை மார்ச், ஏப்ரலில் வழக்கம் என்பதால் மாலை எண்ணிக்கை அடிக்கடி தவறும். காலை எண்ணிக்கையையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுமணிக்குருவி இரவில் வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள் வந்து விழுவதுண்டு. வந்து சேரும் ஒக்டோபரில் இது அதிகம். விழுந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சோறு பாண் எதுவும் கொடுக்காதீர்கள். மூடியுள்ள கடதாசிப் பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். விடிந்ததும் பூனை இல்லாத புதரோரத்தில் பெட்டியைத் திறந்து தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் தானே நடந்து போய்விடும். சிறகு தொங்கினால் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அழகாக இருக்கிறது என்று கூட்டில் போட்டு வளர்க்க முடியாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதோடு, மண்புழுவும் பூச்சியும் தின்னும் பறவை நெல் தின்னாது.

மே நடுவில் கொப்பியை மூடும்போது கடைசிப் பக்கத்தில் மூன்று பறவைக்கும் மூன்று திகதி எழுதியிருப்பீர்கள். அதற்கு அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டு, மேலே "ஓகஸ்ட் 15" என்று எழுதி வையுங்கள். அன்று முதல் பீலிக்குப் போகும்போதெல்லாம் அந்த "சிட்-சிட்" கேட்கிறதா என்று காதைக் கொடுக்க வேண்டும்.